பதினோரு பாக்கெட்டும் ஒரு குவாக்குவும்

பிப்ரவரி 6, செவ்வாய்

இன்று இரண்டு பெரிய விஷயம். ஒன்று, சந்தை மரத்தடியில் கூட்டாளி தாவியாவை டாமே காய் ஆட்டத்தில் நான்கு முறை தோற்கடித்தேன். (இரண்டு முறை. மூன்றாவது ஆட்டத்தில் அவன் மனைவி கூப்பிட்டாள் என்று எழுந்து ஓடிவிட்டான். ஓடுவதும் தோல்விதான். நான்காவதை நான் மனதுக்குள் ஆடி முடித்தேன்.)

இரண்டாவது, நான் விமானத்தில் போகிறேன்.

கொனாடு அக்காவின் மகள் செர்வாவுக்கு ஐந்து மாதமாகப் போகும் கைக்குழந்தை. புதன்கிழமை பிறந்ததால் குவாக்கு. பயலின் அப்பன் நியார்கோ ஜோகன்னஸ்பர்க்கில் மின்சார வேலையில் இருக்கிறான். இன்னும் பிள்ளையைப் போனில்தான் பார்த்திருக்கிறான். இப்போது வீடு எடுத்துவிட்டான், இருவரையும் வரச் சொல்லிவிட்டான். துணைக்கு அக்கா போவதாக இருந்தது. ஆனால் அக்காவின் முழங்கால் தெரு முனைக்கே போகமாட்டேன் என்கிறது.

"டேய் யாவ், லண்டன் போனவன் நீ, துபாய் போனவன் நீ. இந்த வீட்டுல வேற எவனுக்கு ஏரோப்ளேன் தெரியும்? புள்ளயக் கூட்டிட்டுப் போயி அவன் கையில ஒப்படைச்சிட்டு வா."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். செர்வா பார்த்தாள். குவாக்குகூடப் பார்த்தான். எங்கள் ஜனத்தில் பிள்ளைக்கு அப்பன் ஒரு விருந்தாளி மாதிரி, தாய்வழி மாமன்தான் வீட்டு ஆள். நான் என்ன சொல்ல முடியும்?

"ஜன்னல் சீட்டு வாங்கச் சொல்லு," என்றேன்.

இந்த நோட்டுக்கு மட்டும் சொல்லி வைக்கிறேன். நான் விமானத்தில் பறந்ததில்லை. ஏறியதே இல்லை என்று யாராவது சொன்னால் அது அபாண்டம். அக்ரா விமான நிலையத்தில் பதினோரு வருடம் சரக்கு ஏற்றும் வேலை பார்த்தவன் நான். விமானத்தின் வயிற்றுக்குள் என்னை மாதிரி ஏறி இறங்கியவன் இந்த நசாவம் ஊரில் கிடையாது. என்ன, நான் ஏறும்போதெல்லாம் அது நின்றுகொண்டிருக்கும். அவ்வளவுதான் வித்தியாசம்.

பிப்ரவரி 10, சனி

மரத்தடியில் விஷயம் பரவிவிட்டது. ரொட்டி விற்கிற பெண்கள்கூடக் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டார்கள். 98-ல் லண்டன் போன கதையை மறுபடி சொன்னேன். இந்த முறை ராணி வீட்டு வாசலில் மழை பெய்ததையும் சேர்த்தேன், நன்றாக வந்தது.

தாவியா எப்போதும் போலக் குடைந்தான். "ஏம்பா, பறக்கும்போது நடுவுல பசிச்சா? உன் ரொட்டி கீழ மூட்டையில இருக்குமே?"

"அதுக்குத்தான ஏணி இருக்கு," என்றேன். "ஆளுங்க உக்கார்ற இடத்துக்குப் பின்னால ஒரு சின்னக் கதவு. திறந்தா ஏணி. கீழ இறங்கி உன் பையத் தேடி எடுத்துக்கிட்டு மேல வந்துடலாம். நான் லண்டன் போறப்ப மூணு தடவ இறங்கினேன்."

இதில் கலப்படம் கிடையாது, லண்டன் மட்டும்தான் கலப்படம். சரக்கு அறையின் உள்பக்கச் சுவரில் ஒரு தகரத் தட்டி இருக்கும், நான் பார்த்திருக்கிறேன். வேறு எதற்கு இருக்கும் அது? பதினோரு வருடம் நானே யோசித்துக் கண்டுபிடித்தது.

பிப்ரவரி 29, வியாழன்

பாஸ்போர்ட் வந்தது. பழையது எங்கே மாமா என்றாள் செர்வா. எலி தின்றுவிட்டது என்றேன்.

மார்ச் 3, ஞாயிறு

செர்வா ஒரு காகிதத்தை அச்சடித்து வந்து என் முன்னால் வைத்தாள். கைக்குழந்தையோடு பறப்பவர்கள் கையோடு கொண்டுவர வேண்டியவை. மணிக்கு ஒன்று வீதம் டயப்பர், அதற்கு மேல் நாலு. மாற்றுத் துணி பிள்ளைக்கு இரண்டு, தாய்க்கு ஒன்று. ஈரத் துடைப்பான். விரிப்பு. போர்வை. பால் புட்டி. அழுக்குக்குப் பை.

"இவ்வளவுதானா?" என்றேன். "இத எழுதினவங்க புள்ள பெத்தவங்களா?"

"மாமா, ஒரு கைப்பைதான் விடுவாங்க. ஏழு கிலோ."

"ஏழு கிலோ உங்க அம்மாவோட சத்துமாவுக்கே பத்தாது."

அக்கா அதற்குள் அடுக்களையிலிருந்து சத்துமாவு டப்பாவோடு வந்துவிட்டாள். வறுத்த சோளம், கடலை, சோயா எல்லாம் போட்டு அரைத்தது. மூன்று கிலோ. செர்வா தலையில் கை வைத்தாள். "அம்மா, அவனுக்கு இன்னும் பல்லே வரல!" அக்கா, "வழியில வந்துட்டா?" என்றாள். என் அக்கா அல்லவா, யோசனை தூரமாகப் போகும்.

நான் என் பட்டியலை எழுதினேன். ஷியா வெண்ணெய் (பயலின் தோலுக்கு). முதுகில் கட்ட நல்ல கெட்டித் துணி. அக்காவின் பழைய இடுப்புத்துணியைச் சதுரமாகக் கிழித்த அணையாடைகள், நாலு துவைப்பில் பஞ்சாகிப்போனவை. கறுப்பு பாலிதீன் பை. ஊக்கு. கிலுகிலுப்பை. பாக்கெட் தண்ணீர். நசாவம் ரொட்டி (எனக்கு). கொசுவலை. பெந்துவா.

கடைசியைப் படித்ததும் செர்வா எழுந்து நின்றுவிட்டாள். "மாமா! அந்தக் கருமத்த என் புள்ள பக்கத்துல கொண்டு வராதீங்க. நர்ஸ் கூடவே கூடாதுன்னு சொல்லியிருக்காங்க."

பெந்துவா என்பது சிவப்பு ரப்பர் பந்து, மூக்கு மட்டும் நீளம். பிள்ளைக்கு வயிறு கட்டினால் வெந்நீர் நிரப்பிப் பின்பக்கமாக... இந்த நாட்டில் அதைப் பார்த்து ஓடாமல் வளர்ந்தவன் ஒருவனும் கிடையாது. நானும் ஓடியிருக்கிறேன், என் வேகத்தை யாரும் இன்னும் தொடவில்லை.

"போடமாட்டேன்," என்றேன். "சும்மா தைரியத்துக்கு."

"கொசுவலையையும் அடிங்க மாமா. ப்ளேன்ல கொசு இல்ல."

"லண்டன் ப்ளேன்ல இருந்துச்சு," என்றேன்.

மார்ச் 8, வெள்ளி

வழி கிடைத்துவிட்டது! கைப்பைக்குத்தான் ஏழு கிலோ. ஆளுக்கு எடை கிடையாது.

வடக்கத்தித் தையல்காரன் முமுனியிடம் போனேன். அவன் தைக்கும் பட்டகாரி, கைத்தறிக் கோடு போட்ட தொளதொளச் சட்டை, உள்ளே ஒரு ஆடு ஒளிந்துகொள்ளலாம். உள்பக்கம் பாக்கெட் வைக்கச் சொன்னேன்.

"எத்தன?"

"பதினொண்ணு."

முமுனி ஊசியை வாயிலிருந்து எடுத்தான். "பெரியவரே, கடத்தல் வேலையா?"

"புள்ள வளர்க்கிற வேலை," என்றேன்.

மார்ச் 13, புதன்

சட்டை வந்தது. போட்டு நடந்து பார்த்தேன். கொஞ்சம் கிலுகிலுக்கிறது.

மார்ச் 17, ஞாயிறு

ராத்திரி மூன்று முறை எழுந்து பாஸ்போர்ட் இருக்கிறதா என்று பார்த்தேன். பயம் கிடையாது. பயம் என்றால் என்னவென்று தெரியாத குடும்பம் எங்களுடையது, கொள்ளுத்தாத்தா சிறுத்தையைக் கையால் பிடித்தவர். (பூனை என்பார் சிலர்.)

செர்வா சர்ச் முடிந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். குவாக்கு அவள் மடியில் என் விரலைச் சப்பிக்கொண்டிருந்தான்.

"மாமா, எனக்குப் பயமா இருக்கு. ஆறு மணி நேரம். இவன் கத்துனா எல்லாரும் திரும்பிப் பாப்பாங்க. எதாவது ஆச்சுன்னா யார்கிட்ட கேக்கறது, எந்தக் கதவு, எந்தப் பொத்தான், ஒண்ணும் தெரியாது. நீங்க இல்லன்னா நான் போகவே மாட்டேன் மாமா. சத்தியமா."

அப்போது சொல்லியிருக்க வேண்டும். வாய் திறந்தேன். "அதெல்லாம் எனக்குத் தண்ணி பட்ட பாடு," என்று வந்தது.

இந்த வாயை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்?

மார்ச் 19, செவ்வாய்

நாளை. குவாக்கு மூன்று நாளாக வயிறு போகவில்லை. தாய்ப்பால் பிள்ளைக்கு இது சகஜம் என்றாளாம் நர்ஸ். பெந்துவாவை ஏழாவது பாக்கெட்டில் வைத்துவிட்டேன்.

செர்வா நீலநிறப் பை ஒன்றை அந்தக் காகிதத்தில் எழுதியிருந்தபடியே அடுக்கினாள். பத்து டயப்பர், துடைப்பான், துணி எல்லாம். அழகாகத்தான் இருந்தது. என் சட்டைக்குப் பக்கத்தில் கொஞ்சம் ஏழையாகத் தெரிந்தது.

மார்ச் 20, புதன்

விமானத்துக்குள் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்து கோணுவது இன்ஜினால்.

முதலில் காலையைச் சொல்கிறேன். கவுன்டரில் பெட்டிகளைக் கொடுக்க நின்றோம். குவாக்கு அழுததால் செர்வா அவனைத் தூக்கிக்கொண்டு ஓரமாகப் பால் கொடுக்கப் போனாள். "நீங்க பாத்துக்குங்க மாமா, உங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே."

கவுன்டர் பெண் பெரிய பெட்டி இரண்டையும் அனுப்பினாள். பிறகு நீலப் பையைக் காட்டினாள். "இதையும் உள்ள போட்டுடவா ஐயா? கைக்குப் பாரம் இருக்காது. காசு கிடையாது."

நான் கொஞ்சமும் யோசிக்கவில்லை. யோசித்தால் புதுசு என்று நினைத்துவிடுவாளே. "போடும்மா, போடு," என்றேன். "நான் எப்பவும் அப்படித்தான் போவேன். நடுவுல இறங்கி எடுத்துக்குவேன்." அவள் சிரித்தாள். பெரிய பயணி என்று மரியாதைச் சிரிப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்தது சோதனை வாசல். நான் உள்ளே நுழைந்ததும் அது கத்தியது. பின்னால் போனேன், கத்தியது. இளவயசுக் காவலன் ஒருத்தன் என் சட்டையைத் தடவினான். தடவத் தடவ அவன் முகம் மாறியது. "ஐயா... உள்ள என்ன?"

"எதைக் கேக்கற? பதினொண்ணு இருக்கு."

எடுத்து வைக்கச் சொன்னான். ஒவ்வொன்றாக வைத்தேன். கிலுகிலுப்பை. ஊக்கு (கத்தியது இதுதான்). தண்ணீர்ப் பாக்கெட்டைப் பிடுங்கிக்கொண்டார்கள். ஷியா வெண்ணெயில் பெரிய டப்பா போனது, சின்னது பிழைத்தது. அக்கா எனக்கே தெரியாமல் ஒன்பதாம் பாக்கெட்டில் ஒரு கிலோ சத்துமாவு கொட்டி வைத்திருந்தாள். காவலன் அதை நக்கிப் பார்த்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்றான். ஏழாம் பாக்கெட்டிலிருந்து சிவப்பாக, உருண்டையாக, மூக்கு நீட்டிக்கொண்டு அது வந்தபோது அவன் ஒரு அடி தாண்டிக் குதித்தான்.

"மேடம்! இங்க வாங்க மேடம்!"

மேடம் வந்தார். ஐம்பது வயசு, தோளில் பட்டை. பெந்துவாவைக் கையில் எடுத்தார், ஒரு தரம் அமுக்கினார். புஸ்ஸ் என்றது. அவ்வளவுதான். எனக்குப் பின்னால் வரிசையில் நின்ற கோட்டுப் போட்ட பெரிய மனிதர்கள் அத்தனை பேரும் தங்களை அறியாமல் ஒரு எட்டு பின்னால் போனார்கள். ஒருவர் கையால் பின்பக்கத்தை மூடிக்கொண்டார்.

"எங்க அம்மா இதக் கையில எடுத்தா நான் மாமரத்துல ஏறிடுவேன்," என்றார் மேடம். "யாருக்குக் கொண்டுபோறீங்க?"

"தைரியத்துக்கு," என்றேன்.

மேடம் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு விட்டுவிட்டார். செர்வா மட்டும் தலையைக் குனிந்துகொண்டு நாலு அடி தள்ளி நடந்தாள், யாரோ எவரோ மாதிரி.

இன்ஜின் சத்தம் அதிகமாகிறது. தரை ஓடுகிறது. மீதியைப் பிறகு—

(அதே நாள், மேகத்துக்கு மேலே)

பறக்கிறோம். உலகம் கீழே போய்விட்டது. நான் கண்ணை மூடவில்லை. இமை தானாக விழுந்தது.

ஏறும்போது குவாக்குவுக்குக் காது அடைத்திருக்க வேண்டும். வீறிட்டான். செர்வா மார்பில் போட்டாள், சப்பினான், அடங்கினான். பிறகு முகம் சிவந்தது. முட்டியை மடக்கினான். எங்கள் இருவரையும் ஒரு தத்துவ ஞானி மாதிரிப் பார்த்தான்.

மூன்று நாள் கணக்கு. ஒரே தவணை.

டயப்பர் தாங்கவில்லை. எந்த டயப்பரும் தாங்காது, ராணுவத்திடம் கொடுத்தாலும் தாங்காது. செர்வாவின் புது மஞ்சள் கவுன், புருஷனைப் பார்க்கத் தைத்தது, கழுத்திலிருந்து முழங்கால் வரை போனது.

"மாமா, பை. சீக்கிரம். நீலப் பை."

"இதோ," என்று எழுந்தேன். நிஜமாகவே தைரியமாகத்தான் எழுந்தேன். பின்பக்கம் போனேன். கழிப்பறைக் கதவு இருந்தது, சாப்பாட்டு வண்டி இருந்தது. அங்கே நின்ற பணிப்பெண்ணிடம் கேட்டேன்.

"ஏணி எங்கம்மா?"

"எந்த ஏணி ஐயா?"

"கீழ இறங்குற ஏணி. பை இருக்கிற இடத்துக்கு."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். மெதுவாக, பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னாள். "ஐயா, அங்க யாரும் போக முடியாது. இறங்கின அப்புறம்தான் பை கிடைக்கும்."

பதினோரு வருடம் அந்தத் தகரத் தட்டியைப் பார்த்து நான் நம்பியது ஒரு நொடியில் போனது. நீலப் பை என் காலுக்கு நேர் கீழே எங்கேயோ இருக்கிறது. எந்த மூலையில் அடுக்கியிருப்பார்கள், எதன் மேல் வைத்திருப்பார்கள் என்றுகூட என்னால் சொல்ல முடியும். கை மட்டும் எட்டாது.

திரும்பி நடந்த அந்த இருபது அடியைப் போல நீளமான வழி நான் நடந்ததில்லை. இதில் கலப்படம் இல்லை.

"பை கீழ இருக்கு செர்வா."

"கீழன்னா?"

"வயித்துல. நான்தான் போடச் சொன்னேன். ஏணி இருக்கும்னு நெனச்சேன். ஏணி இல்ல."

"லண்டன் போறப்ப மூணு தடவ இறங்கினீங்களே!"

குவாக்கு அவள் கையில் வழுக்கிக்கொண்டிருந்தான். முன் சீட்டுக்காரர் மூக்கை மூடித் திரும்பிப் பார்த்தார். இதற்கு மேல் எங்கே ஒளிவது? அதுவும் முப்பதாயிரம் அடி உயரத்தில்?

"நான் லண்டன் போகலம்மா," என்றேன். "எங்கயும் போகல. இதுதான் எனக்கு மொதல் தடவ."

அவள் கண்ணில் தண்ணீர் நிரம்பியது. திட்டியிருந்தால் தேவலை. பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு என் சட்டையைப் பார்த்தாள்.

"பாக்கெட்ட காலி பண்ணுங்க மாமா. எல்லாத்தையும்."

காலி செய்தேன். ஒன்றிலிருந்து நாலு வரை அணையாடை. ஐந்தில் கறுப்புப் பை. ஆறில் ஊக்கு. பணிப்பெண் ஈரத்தாளும், தேடிப் பிடித்து ஒரே ஒரு டயப்பரும் கொண்டுவந்து கொடுத்தாள். அந்த டயப்பர் பதினைந்து நிமிடம் உழைத்தது. பிறகெல்லாம் அக்காவின் துணிதான். மடித்து, முக்கோணமாக்கி, ஊக்கு போட்டு... செர்வாவுக்கு இந்தக் கட்டு தெரியாது, டயப்பர் காலத்துப் பெண். எனக்குத் தெரியும். அவளுக்கே நான் கட்டியிருக்கிறேன். இவள் தொப்புள் ஆறாத பிள்ளையாக இருந்தபோது அக்கா காய்ச்சலில் கிடந்தாள், ஒன்பது நாள் நான்தான்.

ஷியா வெண்ணெயை அடியில் தடவினேன். பயல் சிரித்தான்.

அடுத்தது கவுன். செர்வாவுக்கு மாற்றுத் துணியும் அந்தப் பையில்தான். நான் பட்டகாரியைக் கழற்றிக் கொடுத்தேன். கழிப்பறைக்குப் போய்ப் போட்டுக்கொண்டு வந்தாள், முழங்கால் வரை தொங்கியது. நான் பனியனோடு உட்கார்ந்தேன், மேலே விமானத்துப் போர்வை. ஒரு நாட்டின் தலைவர் மாதிரி இருந்தது. (இல்லை. குளிரில் நடுங்கும் கிழவன் மாதிரி இருந்தது.)

குவாக்கு மறுபடி கத்த ஆரம்பித்தான். பசி இல்லை, ஈரம் இல்லை, சும்மா. நான் எழுந்தேன். பத்தாம் பாக்கெட்டுத் துணியை எடுத்து, பயலை முதுகில் போட்டு, நெஞ்சுக்குக் குறுக்கே இறுக்கிக் கட்டினேன். ஆம்பளை முதுகில் பிள்ளை கட்டினால் எங்கள் ஊரில் தெருவே சிரிக்கும். ஒரு அம்மாள் கூப்பிட்டே கேட்டாள்: "பெரியவரே, பால் குடுக்கவும் வருமா?"

"காலையில குடுத்துட்டேன்," என்றேன். அந்தப் பக்கம் முழுக்கச் சிரித்தது. நான் முன்னும் பின்னும் நடந்தேன். பயல் கன்னத்தை என் முதுகில் வைத்துத் தூங்கிப்போனான். பனியன் வழியாக எச்சில் சூடாக இறங்கியது.

நான் வந்து உட்கார்ந்ததும் செர்வா கேட்டாள். என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

"98-ல லண்டன்?"

"டெமா. அக்ராவுக்குப் பக்கத்துலயேதான். கூட்டாளி வீட்டுல மூணு வாரம் மலேரியா. கம்பெனி லண்டனுக்கு ஆள் அனுப்பறாங்கன்னு ஊர் பூரா சொல்லிட்டேன். லிஸ்டுல என் பேரு இல்ல. திரும்பி வர்ற வெக்கத்துல அங்கயே படுத்துட்டேன்."

"துபாய்?"

"டெமா."

"அந்த நைரோபி?"

"அதுவும் டெமாதான். டெமா நல்ல ஊரும்மா."

அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தேன். சட்டைக் கழுத்தை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள். காலி செய்தபோது கிலுகிலுப்பை மட்டும் அதில் தங்கிவிட்டிருந்தது, அதுவும் சேர்ந்து சிரித்தது.

"பயமா இருந்துச்சா மாமா? ஏறும்போது?"

"கொஞ்சம்."

"எனக்கும்," என்றாள். என் ரொட்டியில் பாதியைப் பிய்த்துத் தின்றாள். "அம்மாகிட்ட சொல்லமாட்டேன்."

மார்ச் 21, வியாழன், ஜோகன்னஸ்பர்க்

நேற்று இறங்கி வெளியே வந்தோம். நியார்கோ பூங்கொத்தோடு நின்றான். பதினோரு பாக்கெட் பட்டகாரியில் அவன் மனைவி. பனியனில் நான், முதுகில் அவன் மகன். யாரை முதலில் கட்டிப்பிடிப்பது என்று தெரியாமல் பூங்கொத்தை என்னிடம் கொடுத்தான்.

முடிச்சை அவிழ்த்துப் பயலை அவன் கையில் வைத்தேன். குவாக்கு அவனை உற்றுப் பார்த்தான், தாடியைப் பிடித்தான். நியார்கோவின் கை எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல் தவித்தது. கழுத்துக்கு அடியில் பிடி என்று சொல்லிக் கொடுத்தேன். அதையும் இப்போது நான் பெரிதாக்கவில்லை, நடந்தது அவ்வளவுதான்.

நீலப் பை பட்டையில் சுற்றிச் சுற்றி வந்தது. புத்தம்புதுசாக. ஒரு டயப்பர் கலையவில்லை.

மார்ச் 30, சனி

நியார்கோவுக்கு முதுகில் பிள்ளை கட்டக் கற்றுக் கொடுத்தேன். மூன்றாம் நாள் பிடிபட்டது. பக்கத்து வீட்டு ஆள் சுவர் மேல் எட்டிப் பார்த்தான். "பாக்கட்டும்," என்றான் நியார்கோ. நல்ல பையன்.

ஏப்ரல் 5, வெள்ளி

திரும்பும் விமானம். தனியாக. கண்ணைத் திறந்தே வைத்திருந்தேன், மேகம் பார்த்தேன். முதுகு லேசாக, ஏதோ மறந்துவிட்டு வந்த மாதிரி இருந்தது. பெந்துவாவை நியார்கோ வீட்டுப் பரணில் ஒளித்து வைத்திருக்கிறேன், செர்வாவுக்குத் தெரியாது. வீடு என்றால் ஒன்று இருக்கட்டும்.

ஏப்ரல் 6, சனி

மரத்தடியில் நடந்ததை நடந்தபடி சொன்னேன். ஏணி இல்லை, பனியன், முதுகுக் கட்டு, எல்லாம். தாவியா காயை நகர்த்திக்கொண்டே சொன்னான்: "வயசாச்சு உனக்கு. லண்டன் கதையில இருந்த உண்மை இதுல இல்ல."

ஏப்ரல் 7, ஞாயிறு

காலையில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தேன். அக்கா பின்கட்டில் பட்டகாரியைத் துவைக்கப் போட்டாள். துவைக்குமுன் பாக்கெட் தடவுவது அவள் வழக்கம். ஒன்று, இரண்டு என்று பதினொன்றையும் தடவினாள். கடைசியில் என் விமானச் சீட்டின் கிழித்த துண்டைக் கையில் வைத்துக்கொண்டு வந்தாள்.

அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பேரைப் படித்தாள், தேதியைப் படித்தாள்.

"அப்ப இந்தத் தடவ நெசமாத்தான் போயிருக்க."

கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தேன். செர்வா சொல்லிவிட்டாளா என்று கேட்டேன்.

"அவ ஏன் சொல்லணும்? நீ லண்டன்லேருந்து வந்தப்ப உன் சட்டையத் துவச்சது யாரு? டெமா ஆஸ்பத்திரி மருந்துச் சீட்டு. பேரு, தேதி, காய்ச்சல் எத்தன டிகிரி, எல்லாம் இருந்துச்சு." சீட்டுத் துண்டை இடுப்புத்துணியில் துடைத்தாள். "சொல்லியிருந்தா நான் வந்து பாத்திருப்பேன்ல. முட்டாப் பய. ஒரு வாய்க் கஞ்சி வச்சிக் குடுக்க ஆள் இல்லாம அங்க கெடந்திருக்க."

"தெரிஞ்சுமா என்னையப் போகச் சொன்ன?"

"ஏரோப்ளேன் தெரியும்னா அனுப்பினேன்? புள்ள தூக்கத் தெரியும்னு அனுப்பினேன்."

அந்தத் துண்டைக் கூடத்துக் கண்ணாடிச் சட்டத்தில் செருகி வைத்தாள். நேராக இருக்கிறதா என்று இரண்டு பக்கமும் பார்த்தாள்.

சர்ச் முடிந்து பாஸ்டரின் மனைவி வந்தார். கண்ணாடியைப் பார்த்தார். "அடேயப்பா, யாவ் ப்ளேன்ல போயிட்டு வந்தாரா? மொதல் தடவையா?"

நான் வாயைத் திறந்தேன். அக்கா முந்திக்கொண்டாள்.

"மொதல் தடவையா? என்ன பேசறீங்க! லண்டனுக்கே போயிட்டு வந்தவன் எங்க யாவ். ராணி வீட்டு வாசல்ல மழையில நின்னிருக்கான். கேளுங்க அவன."

என்னைப் பார்த்தாள். முகத்தில் ஒரு சுருக்கம்கூட மாறவில்லை.

"நல்ல மழை," என்றேன்.